போயிடுச்சு என்று சொல்வதற்கு முன்

ஜெராக்ஸ் கடை, பிரவுசிங் சென்டர், இ-சேவை மையம் நடத்தும் தோழர்களுக்கு,

தாலுகா ஆபீசுக்கு எதிரே, பஸ் ஸ்டாண்டு மாடியில், காலேஜ் வாசலில் என்று கடை போட்டிருக்கும் உங்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். நானும் இதே தொழிலில் இருப்பவன். நம்மிடம் வருகிறவர்களில் பாதிப் பேருக்கு மேல் வீட்டில் கணினி கிடையாது. போனில் மெயில் இருக்கும், அதற்குப் பாஸ்வேர்டு என்ன என்று தெரியாது. சர்டிபிகேட்டுகளை பாலிதீன் கவரில் போட்டுக் கொண்டுவந்து, அனுப்ப வேண்டிய முகவரியைத் துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுகிறார்கள். நாம் ஸ்கேன் எடுக்கிறோம், அட்டாச் செய்கிறோம், சென்ட் பட்டனை அழுத்துகிறோம். "போயிடுச்சும்மா, முப்பது ரூபா குடுங்க" என்கிறோம். அவர்களும் நம்பிப் போகிறார்கள்.

அப்படி நாம் சொன்னவற்றில் எத்தனை உண்மையிலேயே போய்ச் சேர்ந்தன என்று உங்களில் யாருக்காவது தெரியுமா? கோபமாகக் கேட்கவில்லை. ஆனால் பதில் வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

நர்ஸிங் முடித்த ஒரு பெண் என் கடைக்கு வந்தார். வெளியூர் ஆஸ்பத்திரி ஒன்றில் வேலைக்கு விண்ணப்பம். கடைசித் தேதிக்கு முந்தின நாளே வேறொரு கடையில் எல்லாச் சான்றிதழ்களையும் மெயிலில் அனுப்பிவிட்டார். ஒரு வாரம் கழித்துப் போன் செய்தால், "உங்க பேர்ல எதுவும் வரலையே" என்கிறார்களாம். கடைக்காரரோ "அனுப்பியாச்சு" என்கிறார். இருவர் சொல்வதிலும் பொய் இல்லை. நான் அந்தப் பெண்ணோடு அந்தக் கடைக்குப் போனேன். கடைக்காரர் நல்ல மனிதர், உடனே தன் ஜிமெயிலைத் திறந்து காட்டினார். சென்ட் பகுதியில் அந்த மெயில் ஒழுங்காக இருந்தது, அனுப்பிய நேரம் மாலை 5.42. இன்பாக்ஸில் கீழே தள்ளிக்கொண்டே போனோம். விளம்பர மெயில்களுக்கும் ரீசார்ஜ் ரசீதுகளுக்கும் நடுவே, திறக்கப்படாமல், 'மெயில் டெலிவரி சப்சிஸ்டம்' என்ற பெயரில் ஒன்று கிடந்தது. அதற்குள் 552 என்ற எண்ணும், மெயிலின் அளவு எல்லையைத் தாண்டிவிட்டது என்ற வரியும். அது வந்த நேரம் 5.43. பாக்கிச் சில்லறையை வாங்கிக்கொண்டு அந்தப் பெண் படி இறங்கியிருக்கக்கூட மாட்டார்.

ஒரே ஒரு நிமிடம். ஸ்கேனை இரண்டாக உடைத்தோ அளவைக் குறைத்தோ அங்கேயே மறுபடி அனுப்பியிருந்தால் விஷயம் முடிந்திருக்கும். வேலை கிடைத்திருக்குமா என்பது வேறு, விண்ணப்பமாவது போய்ச் சேர்ந்திருக்கும்.

தோழர்களே, சென்ட் பகுதியில் மெயில் தெரிகிறது என்றால் நம் பக்கத்து சர்வர் அதை வாங்கிக்கொண்டது என்று மட்டுமே பொருள். எதிர்முனையில் இருக்கும் சர்வர் வாங்கியதா என்பது அதற்குப் பிறகு நடக்கிற கதை. ஜிமெயிலில் 25 எம்.பி. வரை அட்டாச் செய்யலாம், யாஹூவிலும் அப்படியே. அதனால் 15 எம்.பி. பி.டி.எப். ஒன்று நம் கண்ணெதிரே ஜாம்ஜாமென்று ஏறிப் போய்விடும். எதிரே இருக்கும் அலுவலகத்தின் சர்வரில் 10 எம்.பி.தான் எல்லை என்று வைத்திருந்தால், அது வாசலிலேயே திருப்பி அனுப்பிவிடும். பல அலுவலகங்களில் அப்படித்தான் வைத்திருக்கிறார்கள். எல்லை என்னவென்று விண்ணப்ப அறிவிப்பில் போடுவதும் இல்லை. அது அவர்கள் செய்யும் தவறு, அதைப் பற்றி அவர்களிடம் தனியாகச் சண்டை போட வேண்டும். ஆனால் அந்தச் சண்டை முடியும் வரை நம் கடைக்கு வருகிறவர் காத்திருக்க முடியாதே.

இதில் உங்களில் பலர் கவனிக்காத ஒன்று இருக்கிறது. 8 எம்.பி. கோப்பை அனுப்பினால் அது 8 எம்.பி.யாகப் போவதில்லை. மின்னஞ்சல் தொடங்கிய காலத்தில் அது வெறும் ஆங்கில எழுத்துகளைக் கொண்டுபோவதற்கென்றே உண்டானது. படம், ஒலி, கோப்பு எதையும் அதனால் நேரடியாகச் சுமக்க முடியாது. நதானியல் போரன்ஸ்டைன், நெட் ஃப்ரீட் என்ற இருவர் வகுத்த மைம் என்ற முறை 1992-இல் வந்த பிறகுதான் இன்று நாம் செய்யும் அட்டாச்மென்ட் வேலையே நடக்கிறது. அந்த ஆண்டு மார்ச் 11 அன்று போரன்ஸ்டைன் தன் பாட்டுக் குழுவின் படத்தையும் பாட்டையும் இணைத்து அனுப்பிப் பார்த்தார். அந்த முறை கோப்பை அப்படியே அனுப்பாது. மூன்று மூன்று பைட்டாக எடுத்து நான்கு நான்கு எழுத்தாக மாற்றி, எழுத்துக் கடிதம் போலவே அனுப்பும். ஆகவே மூன்றில் ஒரு பங்குக்கும் கொஞ்சம் கூடுதலாகவே எடை ஏறிவிடுகிறது. 8 எம்.பி. கோப்பு வழியில் 11 எம்.பி.யை நெருங்கிவிடும். 10 எம்.பி. எல்லை உள்ள இடத்தில் அது தோற்கும். "எட்டுதானே இருக்கு, ஏன் போகல?" என்று தலையைச் சொறிகிறோமே, காரணம் இதுதான். எதிர்முனையின் எல்லை தெரியாதபோது மொத்தம் 7 எம்.பி.க்குள் நிறுத்துங்கள், பெரும்பாலும் பிழைத்துக்கொள்ளலாம்.

நிறுத்துவது கஷ்டமும் இல்லை. நம் ஸ்கேனர்களில் எப்போதோ யாரோ வைத்துவிட்டுப் போன செட்டிங் அப்படியே இருக்கிறது. கலர், 600 டி.பி.ஐ. ஒரு ஏ4 தாளை 300 டி.பி.ஐ.யில் எடுத்தால் குறுக்கே 2480 புள்ளி, நெடுக்கே 3508 புள்ளி. கலரில் புள்ளிக்கு மூன்று பைட். சுருக்குவதற்கு முன் ஒரு பக்கமே ஏறக்குறைய 26 எம்.பி. 600-இல் வைத்தால் அது நான்கு மடங்கு, 104 எம்.பி. அதே தாளை 200 டி.பி.ஐ.யில், கறுப்பு வெள்ளைப் புகைப்படம் போல கிரே முறையில் எடுத்தால் 4 எம்.பி.கூட வராது. பி.டி.எப். ஆக்கும்போது இவையெல்லாம் இன்னும் சுருங்கும் என்றாலும் கனத்த தாள் கனத்ததாகவேதான் இருக்கும். மதிப்பெண் பட்டியலுக்கு 200 தாராளம். முத்திரை மங்கலாக இருந்தாலோ, சாதிச் சான்றிதழின் பழைய கையெழுத்து படிக்க முடியாமல் போனாலோ அந்த ஒரு பக்கத்தை மட்டும் 300-இல் எடுங்கள். அதற்காக வெப்சைட்டில் 50 கே.பி. போட்டோ ஏற்றுகிற பழக்கத்தில் சான்றிதழையும் போட்டு நசுக்கிவிடாதீர்கள். பதிவெண்ணில் 3-ஐயும் 8-ஐயும் பிரித்துப் படிக்க முடியாவிட்டால் அந்த விண்ணப்பமும் கழிக்கப்படும்.

சிலர் பெரிய பி.டி.எப்.பை ஜிப் செய்து அனுப்பிப் பார்க்கிறீர்கள். ஜேபெக்கும் ஸ்கேன் பி.டி.எப்.பும் ஏற்கெனவே சுருக்கப்பட்டவை. ஜிப் செய்தால் எடை குறைவது பேருக்குத்தான். இன்னும் சிலர் போனில் எடுத்த போட்டோக்களை வேர்டில் ஒட்டி அனுப்புகிறீர்கள். ஒவ்வொன்றும் நான்கைந்து எம்.பி. இருக்கும் படங்கள் அவை. பத்துப் பக்கம் ஒட்டினால் அந்தக் கோப்பு எங்கேயும் போகாது.

25-ஐத் தாண்டினால் ஜிமெயில் தானாகவே கோப்பை டிரைவில் ஏற்றி, மெயிலில் லிங்க்கை வைத்துவிடும். அனுப்பும்போது, "இதைத் திறக்க இவருக்கு அனுமதி இல்லை, கொடுக்கட்டுமா?" என்று கேட்கும். கூட்டம் நிற்கிற அவசரத்தில் அந்தப் பெட்டியைப் படிக்காமலே தட்டி மூடுகிறோம். மெயில் போகும். அலுவலகத்தில் இருக்கும் கிளார்க் லிங்க்கைத் தட்டினால் அனுமதி கேள் என்று வரும். அவர் கேட்டாலும் அந்தக் கோரிக்கை வந்து விழுவது நம் கடையின் இன்பாக்ஸில். யார் பார்க்கிறோம்? இதைவிடக் கொடுமை ஒன்று உண்டு. டிரைவ் நிறைந்துவிட்டது என்று மாதக் கடைசியில் பழைய கோப்புகளை மொத்தமாக அழிக்கிறோம். பரிசீலனையே அதற்குப் பிறகுதான் தொடங்கும். அழித்த கோப்பின் லிங்க் அப்போது செத்துப்போயிருக்கும். முடிந்த வரை லிங்க்கே வேண்டாம். சுருக்கி, நேரடியாக இணையுங்கள்.

அட்டாச் செய்யும்போதே சுற்றிக்கொண்டே நிற்கிற வழக்கு வேறு. "நெட் ஸ்லோ, நாளைக்கு வாங்க" என்று அனுப்பிவிடுகிறோம். கடைசித் தேதி இன்று என்றால் அவர் நாளைக்கு வந்து என்ன செய்வார்? ஸ்பீட் டெஸ்டில் இரண்டு எண்கள் வருகின்றன. நாம் பெருமையாகப் பார்ப்பது டவுன்லோடு எண்ணை. அட்டாச்மென்ட் போவது அப்லோடு வழியாக, பல இணைப்புகளில் அது மிகக் குறைவு. அப்லோடு 1 எம்.பி.பி.எஸ். என்றால் 20 எம்.பி. கோப்பு ஏற மூன்று நிமிடத்துக்குக் கொஞ்சம் குறைவாக ஆகும். அதே நேரத்தில் பக்கத்துக் கணினி எதையாவது பேக்கப் எடுத்துக்கொண்டிருந்தால் இன்னும் இழுக்கும். இடையில் கரண்ட் போனால் முதலிலிருந்து. பக்கத்துக் கணினிகளை நிறுத்திப் பாருங்கள், இல்லையென்றால் உங்கள் போனின் ஹாட்ஸ்பாட்டில் அந்தக் கணினியை மட்டும் இணையுங்கள். அப்படியும் பிராக்ஸி, ஃபயர்வால் என்று ஏதாவது காட்டினால் இன்காக்னிட்டோ விண்டோவில் திறந்து முயலுங்கள். அங்கே ஒழுங்காக ஏறினால் குற்றம் பிரவுசரில் யாரோ சேர்த்து வைத்திருக்கும் ஏதோ ஒரு எக்ஸ்டென்ஷனுடையது.

நம் கணினிகளின் வயதையும் சொல்லியாக வேண்டும். விண்டோஸ் 7-ஐ மைக்ரோசாஃப்ட் 2020 ஜனவரியிலேயே கைகழுவியது. குரோமும் 109-ஆம் பதிப்போடு அதில் நின்றுவிட்டது. அந்தக் கணினியில் ஒருநாள் அட்டாச் பட்டன் வேலை செய்யாமல் போனால் ஆச்சரியப்பட ஒன்றுமில்லை. காலையில் கணினியைப் போட்டதும் கடிகாரம் பல வருடம் பின்னால் போய் நிற்கிறதா? மதர்போர்டில் இருக்கும் காசு அளவு பேட்டரி, சி.ஆர். 2032, தீர்ந்துவிட்டது. தேதி தப்பானால் பாதுகாப்புச் சான்று செல்லாது என்று பிரவுசர் மெயிலையே திறக்க விடாது. அவுட்லுக் வைத்திருப்பவர்களுக்கு மெயில் அவுட்பாக்ஸிலேயே நிற்கும். இதற்காக நெட் கம்பெனிக்குப் போன் போட்டுத் திட்டிக்கொண்டிருப்பவர்களைப் பார்த்திருக்கிறேன். தேதியைச் சரிசெய்துவிட்டு, பேட்டரியை மாற்றுங்கள்.

முகவரியையும் கவனியுங்கள். அரசு வெப்சைட்டுகளில் மெயில் முகவரியை ஸ்பேம் ஆட்கள் அள்ளிக்கொண்டு போகாமலிருக்க, நடுவில் வரும் குறிக்குப் பதிலாக 'அட்' என்றும் புள்ளிக்குப் பதிலாக 'டாட்' என்றும் அடைப்புக்குள் எழுத்தாகவே போட்டிருப்பார்கள். அதை அப்படியே எழுதிக்கொண்டு வருகிறவர்கள் இருக்கிறார்கள், அப்படியே டைப் செய்துவிட்டு எரர் வருகிறதே என்று திகைக்கும் பையன்களும் நம் கடைகளில் இருக்கிறார்கள். அடிக்கோடிட்ட முகவரியில் அண்டர்ஸ்கோர் இருப்பது கண்ணுக்கே தெரியாது. சீட்டில் உள்ள முகவரியை நம்பாமல் அறிவிப்பைத் திறந்து காப்பி செய்யுங்கள். இ-ஆதார் பி.டி.எப்.பையும் அப்படியே அட்டாச் செய்யாதீர்கள். அதற்குப் பாஸ்வேர்டு உண்டு, பெயரின் முதல் நான்கு எழுத்தும் பிறந்த வருடமும். அனுப்பியவருக்கே அது தெரியாதபோது வாங்குகிறவர் எப்படித் திறப்பார்?

இவற்றையெல்லாம்விட என்னை வருத்துவது, அந்த நர்ஸிங் பெண்ணுக்கு நடந்ததன் வேர். நாம் நம் கடைக் கணக்கிலிருந்து அனுப்புகிறோம். மெயில் போகாவிட்டால் அந்தச் செய்தி அனுப்பிய கணக்குக்குத்தான் வரும். இழப்பு ஒருவருக்கு, தகவல் இன்னொருவருக்கு. தபாலில் சேராத கவர் திரும்பி வந்தால் அனுப்பியவர் வீட்டுக்கே வந்துவிடும். இங்கே நம் கடையில் தேங்கிப்போகிறது. எல்லாம் ஒரு நிமிடத்தில் வருவதும் இல்லை. எதிர்முனை சர்வர் படுத்திருந்தால் நம் பக்கத்து சர்வர் மறுபடி மறுபடி முயன்றுகொண்டே இருக்கும். நாலைந்து நாளாவது முயல வேண்டும் என்பது மின்னஞ்சல் சர்வர்களுக்கான பொது விதி. அதன் பிறகு கைவிட்டு, போகவில்லை என்று எழுதும். அதற்குள் நமக்கு அந்த முகமே மறந்திருக்கும்.

அந்தத் திரும்பி வந்த மெயிலைப் படிப்பதும் பெரிய வித்தை இல்லை. உள்ளே மூன்று இலக்க எண் ஒன்று இருக்கும். 4-இல் தொடங்கினால் தற்காலிகத் தடை, சர்வரே மறுபடி முயலும். 5-இல் தொடங்கினால் அதே மெயிலை எத்தனை தடவை அனுப்பினாலும் போகாது, எதையாவது மாற்றித்தான் ஆக வேண்டும். 552 என்றால் பெரும்பாலும் அளவு பெரிதாகிவிட்டது, அல்லது அவர்கள் பெட்டி நிறைந்துவிட்டது. 550 என்றால் முதலில் முகவரியைச் சரிபாருங்கள்.

அதனால் கேட்கிறேன், வாடிக்கையாளரின் சொந்தக் கணக்கிலிருந்து அனுப்புங்கள். ஆண்ட்ராய்டு போன் வைத்திருக்கும் எவருக்கும் ஜிமெயில் கணக்கு ஒன்று அநேகமாக இருக்கும், அவருக்கே அது தெரியாமல் இருக்கலாம். ஸ்கேனை அவர் போனுக்கு மாற்றிக் கொடுத்து, அங்கிருந்தே அனுப்பலாம். பாஸ்வேர்டு தேட வேண்டியதில்லை. ஆதாரும் டி.சி.யும் நம் கணினியில் கிடக்கவும் வேண்டியதில்லை. பதில் வந்தாலும், இன்டர்வியூ கடிதம் வந்தாலும், திரும்பி வந்தாலும் அவர் போனே மணியடிக்கும். ஒன்றை மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுள் இலவசமாகத் தருவது 15 ஜி.பி. மெயில், டிரைவ், போட்டோ எல்லாம் அதற்குள்தான். இப்போது ஆண்ட்ராய்டு வாட்ஸ்அப் பேக்கப்பும் அதில் சேர்கிறது. பேரப்பிள்ளை வீடியோக்களால் அது நிறைந்திருந்தால் மெயில் போகவும் போகாது, வரவும் வராது. கேட்டுவிட்டு இடம் காலி செய்து கொடுங்கள்.

"முப்பது ரூபாய்க்கு இத்தனையும் செய்யணுமா?" என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்பது நியாயம். கடைசித் தேதி மாலை ஆறு மணிக்கு வாசலில் பத்துப் பேர் நிற்பதும், கரண்ட் பில் ஏறுவதும், போனிலேயே எல்லாரும் வேலையை முடித்துக்கொள்வதால் வருமானம் இறங்குவதும் எனக்கும் தெரியும். ஐம்பது வாங்குங்கள், தவறில்லை. "போய்ச் சேர்ந்ததைப் பார்த்துச் சொல்றேன், அதுக்கு இவ்வளவு" என்று சொல்லியே வாங்குங்கள். மறுக்கிறவர்கள் குறைவாகவே இருப்பார்கள். நம்மிடம் மெயில் அனுப்ப வருகிறவர் அதை வேறு எங்கும் செய்துகொள்ள முடியாதவர். அவருடைய விண்ணப்பம், பென்ஷன், மகளின் கல்லூரி இடம் எல்லாம் அந்தச் சில நிமிடங்கள் நம் கையில் இருக்கின்றன. போகாத ஒன்றைப் போனதாகச் சொல்லி அனுப்பும் உரிமை நமக்குக் கிடையாது.

உங்களிடம் நான் வேண்டுவது இதுதான். சப்ஜெக்ட் வரியைக் காலியாக விடாமல் விண்ணப்பதாரர் பெயரையும் விண்ணப்ப எண்ணையும் போடுங்கள். சென்ட் அழுத்திய பிறகு ஐந்து நிமிடம் அவரை உட்கார வைத்து, இன்பாக்ஸைப் பார்த்துவிட்டுக் காசு வாங்குங்கள். முடியும்போது அலுவலகத்துக்கு ஒரு போன் போட்டு, "ஸ்பேம்லயும் பாருங்க சார், இந்தப் பேர்ல வந்திருக்கா?" என்று கேட்கச் சொல்லுங்கள். கடைக் கணக்கிலிருந்தே அனுப்பியாக வேண்டிய கட்டாயம் வந்தால், ஒரு நோட்டில் அவர் பெயர், போன் நம்பர், அனுப்பிய முகவரி, நேரம் நான்கையும் எழுதிக்கொள்ளுங்கள். அடுத்த ஐந்து நாளும் கடை திறந்தவுடன் திரும்பி வந்தவை உண்டா என்று பாருங்கள். வந்திருந்தால் அந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்.

இன்னொன்றும் உண்டு, இதை இன்றைக்கே செய்ய வேண்டும். கடையைச் சாத்துவதற்கு முன் உங்கள் கடை மெயிலைத் திறந்து, தேடும் இடத்தில் 'மெயிலர்-டீமன்' என்று ஆங்கிலத்தில் டைப் செய்து தேடுங்கள். திரும்பி வந்தவை வரிசையாக வந்து நிற்கும். ஒவ்வொன்றையும் திறந்து யாருடையது என்று பாருங்கள். இன்னும் கடைசித் தேதி தாண்டாதவர்கள் அதில் இருக்கலாம். அவர்களைக் கூப்பிட்டு, காசு வாங்காமல் மறுபடி அனுப்பிக் கொடுங்கள்.

இப்படிக்கு,
உங்களைப் போலவே கவுன்ட்டருக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஒருவன்